லண்டனிலிருந்து பாரிஸுக்கு ஒரு வார இறுதி: இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கான வழிகாட்டி

சென்ற வருடம் மே மாதம் நண்பர்கள் நான்கு பேர் பாரிஸ் போகத் திட்டம் போட்டோம். வெள்ளிக்கிழமை மாலை ரயில். விசா ஒட்டிய என் பாஸ்போர்ட் கைக்கு வந்தது அதற்கடுத்த திங்கட்கிழமை காலை. தவறு முழுக்க என்னுடையது: பயணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போதுதான் விண்ணப்பித்தேன். நால்வரில் ஒருவன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரன். அவன் மட்டும் போய், ஈஃபில் கோபுரத்தின் முன்னால் நின்று எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தான்.

நவம்பரில் மறுபடி முயன்று நால்வரும் போய் வந்தோம். இரண்டு நாள் ஊர் சுற்ற இரண்டரை மாதத் தயாரிப்பு. பிரிட்டனில் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கிற, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி (ILR) வாங்கிவிட்டவர்களுக்கும் இது பொருந்தும். அது இருந்தால், பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் வரும்வரை வேண்டும்.

1. தேதியை முடிவு செய்யாதீர்கள், முதலில் அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள்

எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம். யாருக்கோ பிறந்தநாள், எதற்கோ நீண்ட வார இறுதி என்று தேதியைக் குறித்துவிட்டு, டிக்கெட்டும் போட்டுவிட்டு, கடைசியில் விசா பக்கம் வருகிறோம். அப்போது பார்த்தால் ஆறு வாரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடையாது.

விதி இதுதான். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம். சந்தேகம் வந்தாலோ கூடுதல் ஆவணம் கேட்டாலோ அது 45 நாள்வரை போகலாம். அந்த 15 நாளும் நீங்கள் கைரேகை கொடுத்த நாளிலிருந்துதான் எண்ணப்படும், அப்பாயின்ட்மென்ட் எடுத்த நாளிலிருந்து அல்ல. அதனால் கைரேகை கொடுக்கும் நாளுக்கும் ரயில் ஏறும் நாளுக்கும் நடுவே ஐந்து வாரமாவது விடுங்கள். கோடைக்காலம் என்றால் இரண்டு மாதம்.

செய்முறை: பிரான்ஸ்-வீசாஸ் என்ற அரசுத் தளத்தில் ஆளுக்கொரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அப்புறம் விண்ணப்ப மையத்தில் நேரம் எடுக்க வேண்டும். லண்டன், மான்செஸ்டர், எடின்பரோ மூன்று ஊர்களில் மையம் உண்டு. லண்டனில் இடம் இல்லையென்றால் மான்செஸ்டரைப் பாருங்கள். ரயில் செலவு கூடினாலும் ஒரு மாதம் மிச்சமாகும். நேரம் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்கள் பக்கமே போகாதீர்கள். ரத்தாகும் இடங்கள் திறக்கத்தான் செய்யும். எனக்கு ஒரு காலை ஏழு மணிக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு பொறி. பிரான்ஸுக்கு இடம் கிடைக்காமல், காலியாக இருக்கும் வேறு நாட்டின் பெயரில் விசா வாங்கிக்கொண்டு பாரிஸ் போய்விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லையில் கேட்டால் பதில் இருக்காது, அடுத்த விசாவுக்கும் அது வந்து நிற்கும்.

2. ஆவணங்கள்

நான் அதிகம் தடுமாறிய இடம் இது.

பாஸ்போர்ட்: பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும்.

பிரிட்டனில் தங்கும் உரிமைக்கான சான்று: பழைய குடிவரவு அட்டைகள் (BRP) 2024 இறுதியோடு போய்விட்டன, இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கும் இ-விசா. உங்கள் குடிவரவுக் கணக்கில் நுழைந்து பகிர்வுக் குறியீடு (share code) எடுக்க வேண்டும். வேலைக்கு, வாடகைக்கு, வேறு காரணத்துக்கு என்று மூன்று வகை கேட்கும், மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். குறியீடு 90 நாள் செல்லும். அந்தப் பக்கத்தை அச்சடித்தும் வையுங்கள். பிரிட்டன் விசாவும் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும். முடியப்போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வேலைச் சான்று: பதவி, சம்பளம், சேர்ந்த தேதி, விடுப்புக்கு அனுமதி எல்லாம் இருக்கும் கடிதம். சமீபத்தியதாக இருக்கட்டும். கூடவே மூன்று மாதச் சம்பளச் சீட்டு. மாணவர் என்றால் பல்கலைக்கழகக் கடிதம்.

வங்கி அறிக்கை: மூன்று மாதம். பிரான்ஸ் எதிர்பார்க்கும் தொகை பெரிதல்ல: விடுதி முன்பதிவு இருந்தால் நாளுக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120. தொகையைவிட அது எப்படி வந்தது என்பதுதான் உறுத்தும். நண்பர்கள் தங்கள் பங்குப் பணத்தை என் கணக்கில் போட்டிருந்தார்கள், ஒரே வாரத்தில் மூன்று பெரிய வரவு. ஒரு பத்தியில் விளக்கக் கடிதம் எழுதி இணைத்தேன். நீங்கள் விசா வந்த பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு: குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் சேர்த்து. வங்கிக் கணக்கோடு இலவசமாக வரும் பயணக் காப்பீடு இருக்கலாம். ஆனால் உங்கள் பெயர், தேதி, இந்தத் தொகை மூன்றும் எழுதிய சான்றிதழ் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். தராவிட்டால் சில பவுண்டுக்குத் தனியாக வாங்கிவிடுவதே நிம்மதி.

தங்குமிடம்: நண்பர்களோடு போகிறவர்கள் விழும் குழி. ஒருவர் பெயரில் நால்வருக்கு அறை போட்டால், உறுதிச் சீட்டில் அந்த ஒரு பெயர்தான் இருக்கும். மற்ற மூவரின் விண்ணப்பத்தில் அதை வைத்துப் பயனில்லை. விடுதிக்கு எழுதி, எல்லாப் பெயரும் இருக்கும் சீட்டாக வாங்குங்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகவும் இருக்கட்டும். விசாவுக்காகப் போலி முன்பதிவு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம்.

பாரிஸிலோ லா கூர்நேவ் பக்கமோ சித்தப்பா, மாமா என்று உறவினர் இருந்து அவர்கள் வீட்டில் தங்கப் போகிறீர்களா? அவர்கள் கைப்பட எழுதிய கடிதம் செல்லாது. அவர்களுடைய நகராட்சியில் 'அத்தெஸ்தாசியோன் தாக்கெய்' என்னும் வரவேற்புச் சான்றிதழ் வாங்கி, அசலைத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். நகராட்சியில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். இரண்டு இரவுக்காக அவர்களை அலைய விடுவதைவிட விடுதியில் தங்கி, ஒரு வேளை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர். பழைய படம் வேண்டாம்.

3. பெயர் விவகாரம்

நமக்கே உரிய தலைவலி. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து மற்ற இடத்தில் இருக்கின்றன. நண்பன் ஒருவனுக்கு ஊர்ப் பெயர்தான் குடும்பப் பெயர். இன்னொருவனுக்கு ஒற்றை எழுத்து இனிஷியல். ரயில் டிக்கெட், காப்பீடு, விடுதிச் சீட்டு, விண்ணப்பம் நான்கிலும் பெயர் ஒரே மாதிரி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் காப்பீட்டில் இனிஷியலோடு போட்டேன், மையத்தில் திருத்தச் சொன்னார்கள். காப்பீட்டுக்காரர்களுக்கு போன் போட்டுப் புதுச் சான்றிதழ் மின்னஞ்சலில் வர நாற்பது நிமிடம். நல்லவேளை அன்று கூட்டம் இல்லை.

4. கட்டணம், காத்திருப்பு, ஸ்டிக்கர்

விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, பவுண்டில் கட்ட வேண்டும். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கூரியர், குறுஞ்செய்தி, சொகுசு அறை என்று தளம் வரிசையாக நீட்டும். கூரியர் ஒன்று போதும். விசா கிடைக்காவிட்டாலும் கட்டணம் திரும்பாது.

முடிவு வரும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம்தான். அந்த நாட்களில் ஊரில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே கிளம்ப முடியாது. அம்மா அப்பாவின் மருத்துவ நாட்கள், கல்யாணம் காட்சி எல்லாம் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வையுங்கள்.

ஸ்டிக்கர் வந்ததும் அதை நிதானமாகப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை முறை நுழையலாம், மொத்தம் எத்தனை நாள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். வெள்ளி இரவு பதினொன்றுக்கு இறங்கி ஞாயிறு மாலை கிளம்பினாலும் அது மூன்று நாள்.

5. ரயிலா, விமானமா

நான் ரயில் கட்சி. யூரோஸ்டார் செயின்ட் பான்கிராஸில் கிளம்பி இரண்டே கால் மணி நேரத்தில் கார் து நோர் நிலையத்தில், ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடுகிறது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப்போடச் சொல்வதில்லை, சாதாரண டிக்கெட்டிலேயே இரண்டு பெட்டி எடுத்துப் போகலாம். முன்கூட்டி எடுத்தால் ஒரு வழி 50 பவுண்டை ஒட்டிக் கிடைக்கும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கடைசி நேரத்தில் தேடினால் அதுவே மூன்று நான்கு மடங்கு. சனிக்கிழமை விடியற்காலையில் போய் ஞாயிறு கடைசி வண்டியில் திரும்பினால் பணமும் ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம்.

பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை லண்டன் நிலையத்திலேயே முடிந்துவிடும். ரயில் கிளம்ப 30 நிமிடம் முன்பு வாசலை மூடிவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் மின்னணுப் பதிவு முறை வந்திருக்கிறது. விசா இல்லாமல் போகும் பிரிட்டிஷ் நண்பருக்கு முகமும் கைரேகையும் பதிவு செய்வார்கள், விசா உள்ள நமக்கும் பதிவு உண்டு. இதற்குக் கட்டணம் கிடையாது. விடுதிச் சீட்டும் காப்பீடும் பெட்டிக்குள் அல்ல, கையில் இருக்கட்டும். என்னிடம் கேட்டார்கள்.

விமானத்தில் மலிவு டிக்கெட் பார்த்துப் பாய்வதற்கு முன் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். போவே என்று இருந்தால் அது பாரிஸிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல், பேருந்திலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையில் பணம் குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு லண்டன் விக்டோரியாவிலிருந்து இரவுப் பேருந்து இருக்கிறது. எட்டு ஒன்பது மணி நேரம், நடுராத்திரியில் எல்லைச் சோதனைக்கு எழுப்புவார்கள். இருபத்து மூன்று வயதில் செய்யலாம்.

6. எங்கே தங்குவது

வார இறுதிக்கு, ரயில் நிலையத்துக்கும் மெட்ரோவுக்கும் பக்கம் என்பதே முதல் தகுதி. கார் து நோர் சுற்று வட்டாரம் மலிவு, இரவில் கொஞ்சம் கலகலப்பு அதிகம். பையைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். நான்கு பேர் ஒரே அறை கேட்டால் பாரிஸில் கிடைப்பது கஷ்டம், இரண்டு இரட்டை அறைகளாகப் பாருங்கள். தளத்தில் காட்டும் விலைக்கு மேல் நகரச் சுற்றுலா வரி உண்டு. மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு இரவுக்கு ஐந்து யூரோவுக்கு மேல். நால்வர் இரண்டு இரவு என்றால் நாற்பது தாண்டும்.

7. எதற்கு முன்பதிவு, எதற்கு வேண்டாம்

ஒரு நாளைக்குக் கட்டணம் கட்டிப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று. இது என் தீர்ப்பு. நண்பர்களோடு இதற்காகச் சண்டை போட்டேன், அவர்களும் சனிக்கிழமை மாலை கால் வலித்தபின் ஒத்துக்கொண்டார்கள்.

லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுங்கள். செவ்வாய் விடுமுறை. புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும், எனவே வெள்ளி மதியமே வந்துவிட்டால் அன்று மாலையே முடித்துவிடலாம். 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரரும் இதில் அடக்கம். மே மாதப் படங்களுக்கு அது ஓரளவு பழிதீர்ப்பு. மோனா லிசாவின் முன்னால் கூட்டத்தை நகர்த்தும் வேகத்தைப் பார்த்தால் திருப்பதி 'ஜருகண்டி' நினைவுக்கு வரும்.

ஈஃபில் கோபுரத்தில் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு திறக்கும், உச்சிவரை போகச் சுமார் 36 யூரோ. கிடைக்கவில்லை என்றால் இரண்டாம் தளம்வரை படியேறலாம், 674 படிகள். ஏற மனமில்லையா, இருட்டியபின் எதிரே இருக்கும் த்ரோக்கதேரோ மேடையில் நின்றால் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஐந்து நிமிடம் கோபுரம் மினுமினுக்கும். காசு கிடையாது.

நோத்ர தாம் பேராலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. நுழைவு இலவசம். அதற்கு டிக்கெட் விற்கும் எந்தத் தளமும் ஏமாற்று. பொம்பிதூ மையம் புதுப்பிப்புக்காக மூடியிருக்கிறது. பழைய பயணக் கட்டுரையைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். வெர்சாய் அரண்மனையை இந்த முறை விட்டுவிடுங்கள், ஒரு முழுநாளை விழுங்கிவிடும்.

8. மெட்ரோ, கைவரிசைக்காரர்கள்

ஒரு மெட்ரோ டிக்கெட் இரண்டரை யூரோவைச் சற்றுத் தாண்டும், எத்தனை தூரம் போனாலும் அதே விலை. நவிகோ ஈஸி என்னும் 2 யூரோ அட்டையை வாங்கி அதில் டிக்கெட் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையால் நால்வரும் நுழைய முடியாது. நிலையத்தை விட்டு வெளியேறும்வரை அட்டை கையில் இருக்கட்டும், உள்ளே திடீரெனப் பரிசோதகர் நிற்பார், அபராதம் அங்கேயே.

வாரப் பாஸ் வாங்கச் சொல்வார்கள். அது திங்கள் முதல் ஞாயிறுவரைதான் செல்லும், வெள்ளிக்கிழமை வருகிற நமக்கு நஷ்டம். நாள் பாஸும் 24 மணி நேரம் அல்ல, நள்ளிரவோடு காலாவதி. நாங்கள் நாள் பாஸை மாலை ஆறு மணிக்கு வாங்கி ஏமாந்தோம். ஒரு நாளைக்கு ஐந்து பயணமாவது போனால்தான் அது கட்டுப்படி ஆகும்.

டிக்கெட் இயந்திரத்தருகே யாராவது உதவ வந்தால் வேண்டாம் என்று நகருங்கள். சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் கயிறு கட்ட வருவார்கள். நம் ஊர்க் கோயில் வாசல் பழக்கத்தில் கையை நீட்டிவிடாதீர்கள், கட்டியபின் காசு கேட்பார்கள். கையெழுத்து வேட்டைப் பெண்கள், மூன்று குவளைச் சூதாட்டம் எல்லாம் அதே ரகம். கடையில் அட்டை தேய்க்கும்போது பவுண்டா யூரோவா என்று இயந்திரம் கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள்.

9. சாப்பாடு

பல உணவகங்களில் இரண்டரை மணிக்குமேல் அடுப்பை அணைத்துவிட்டு இரவு ஏழுக்குத்தான் திறப்பார்கள். உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள், முகம் மாறும். 'ஊன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வரும், பில்லும் வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது, டிப்ஸ் கட்டாயமில்லை.

இரண்டாம் நாள் நாக்கு செத்துவிட்டால் கார் து நோரிலிருந்து பத்து நிமிடம் வடக்கே நடந்தால் லாச்சப்பல். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள், பெயர்ப்பலகையெல்லாம் தமிழ். "வாங்கோ, என்ன சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டதும் எங்களில் ஒருவனுக்குக் கண் கலங்கியது; பசியாகவும் இருக்கலாம். இடியப்பம், சொதி, கொத்து ரொட்டி. சைவக்காரர்கள் முதல் நாளே இங்கே வந்துவிடுவது உத்தமம். ஞாயிறு மதியம் இங்கே சாப்பிட்டுவிட்டு நடந்தே ரயிலுக்குப் போனோம்.

10. திரும்பும்போது

கார் து நோரில் முதலில் பிரெஞ்சுச் சோதனை, அடுத்த அடியிலேயே பிரிட்டிஷ் சோதனை. ஞாயிறு மாலை வரிசை நீளும், ஒன்றரை மணி நேரம் முன்பே இருங்கள். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். பிரிட்டிஷ் அதிகாரி உங்கள் இ-விசாவைப் பாஸ்போர்ட் எண்ணை வைத்துத்தான் பார்ப்பார். சமீபத்தில் பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் குடிவரவுக் கணக்கில் புதிய எண்ணைச் சேர்த்துவிட்டார்களா என்று லண்டனிலேயே சரிபாருங்கள்.

எனக்கு மொத்தம் ஆன செலவு, விசா சேர்த்து, 490 பவுண்டு. அதில் பதினான்கு யூரோ வீண்: ஞாயிறு காலைச் சந்தையில் வாங்கிய சீஸ். 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பால் பொருளும் ஆட்டு, மாட்டு, பன்றி இறைச்சியும் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை. விவரம் தெரிந்தது நிலைய வாசலில். அங்கேயே சுவரோரம் நின்று நால்வரும் ரொட்டியில்லாமல் தின்று தீர்த்தோம்.